பல்லில்லாச் செவலைக்கு முதலிடம்

பதுளை மாட்டுவண்டியோட்டிகள் ஐக்கிய சங்கத்தின் தலைவர் சிதம்பரநாதன் அவர்கள், தம் வாழ்நாளில் ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைக்கூடத் தொட்டதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொட்டவர்கள் எல்லாரும் வண்டியோட்டப் போய்விட்டதால் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஓய்வுள்ள ஒருவர் தேவைப்பட்டார். சிதம்பரநாதனுக்கு ஓய்வு இருந்தது. கடைவீதியில் வைக்கோலும் புண்ணாக்கும் விற்கிற கடையும் இருந்தது. கடையில் கைவைத்த நாற்காலி ஒன்று இருந்தது. சங்கத்தார் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள், அதில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள், தேர்தல் முடிந்துவிட்டது.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் பதுளையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஸ்டோருக்கு வந்து குவியும். அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏறி, ஹாலிஎல வழியாக மலையேறி, பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும். ஸ்டோர் துரைக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போதுதான் பாரம். அதுவரை வண்டிக்காரர்கள் முற்றத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். காத்துக் கிடக்கிற நாளுக்குக் கூலி கிடையாது. மாட்டுக்கோ அந்த நாளிலும் வயிறு உண்டு. முற்றத்துக்கு நேர் எதிரேதான் சிதம்பரநாதனின் வைக்கோல் கடை. கடவுள் எதையும் காரணமில்லாமல் எதிரெதிரே வைப்பதில்லை.

"காத்திருக்கிற நாளுக்கும் கூலி குடுக்கணும்னு துரைகிட்டக் கேப்போம்" என்று முதலில் வாய் திறந்தவன் லூக்காஸ். சங்கம் பிறந்ததே அந்த ஒரு பேச்சினால்தான். லூக்காஸ் ஊரறிந்த வண்டிக்காரன். அதிகம் பேசாதவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து மாடு குளிப்பாட்டுவான். மயிலை, சுட்டியன் என்று இரண்டு மாடுகள். சுட்டியன் இளசு. மயிலை, அவன் அகஸ்டினாவைக் கல்யாணம் கட்டிய வருஷம் கன்றாக வாங்கியது. கிழடாகிவிட்டது, இருமவும் தொடங்கியிருந்தது. காத்திருப்புக் கூலி வந்தால் அதை வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டு, வேறொரு மாடு வாங்கலாம் என்பது புருஷன் பெண்சாதி இருவரின் எண்ணம். அவனுக்குச் சங்கத்திடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சங்கத்தின் காரியதரிசி செல்வநாயகம், அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு எழுதிக்கொடுத்து வந்தவர். சுருக்கமாகச் சொல்லக்கூடிய எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. தலைவரும் அவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு துரையைப் பார்க்கப் போனார்கள். துரை மறுப்பார் என்று வண்டிக்காரர்கள் வாசலில் பயந்துகொண்டு நின்றார்கள். துரை மறுக்கவில்லை. இரண்டில் ஒன்று தருகிறேன் என்றார். ஒன்று காத்திருப்புக் கூலி. இல்லாவிட்டால், யாருக்கு முதலில் பாரம் என்பதைச் சங்கமே முடிவு செய்கிற மூப்பு உரிமை. எது வேண்டும் என்று சங்கம் வாக்கெடுத்துச் சொல்லட்டும், அதன்படி உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அன்றைய கூட்டத்தில் தலைவர் ஆற்றிய உரை பதுளையில் வெகுநாள் பேசப்பட்டது.

"அன்பர்களே! கூலி இன்று வரும், நாளை செலவாகும். மூப்பு என்றும் செலவாகாது. காத்திருந்ததற்குக் கூலி வாங்குகிறவன் கூலியாள். மூப்பினால் முன்னே நிற்கிறவன் கௌரவஸ்தன். நீங்கள் கூலியாட்களா, கௌரவஸ்தர்களா? மாடு பசியோடு நிற்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். என் கடை திறந்துதானே இருக்கிறது? நான் யாருக்காவது வைக்கோல் இல்லை என்று சொன்னதுண்டா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றுவரை யாரும் அவர்களைக் கௌரவஸ்தர்கள் என்று சொன்னதில்லை. லூக்காஸ் எழுந்து, "அப்ப கூலிங்க?" என்றான். அது இரண்டாம் கட்டத்தில் ஆலோசிக்கப்படும் என்றார் காரியதரிசி.

வாக்கெடுப்பு வரைக்கும் மூப்பு வரிசைப்படி பாரம் ஏற்றி நடத்திப் பார்க்கத் துரை அனுமதி கொடுத்திருந்தார், ஆகவே முதலில் வரிசை தயாராக வேண்டும். யார் மூத்த வண்டிக்காரன்? ஒவ்வொருவராக எழுந்து தாம் வண்டி பிடித்த காலத்தைச் சொன்னார்கள். பின்னால் பேசினவர் எல்லாரும் முன்னால் பேசினவரைவிடப் பழையவராகத் தெரிந்தார்கள். கடைசியில் எழுந்தவர் ஜுனைதீன். லூக்காஸின் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கும் ஆவேசம் வந்துவிட்டது.

"நான் எப்ப இருந்துன்னு கேக்குறீங்களா? இந்த ரோடு போடுறதுக்கு முந்தியே இந்த ரோட்டுல வண்டி ஓட்டுனவன் நான்!"

காரியதரிசி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனிதன் தன் வயதைப் பற்றிச் சொல்வதை நம்பி உடன்படிக்கை எழுத முடியாது என்று தலைவரின் காதில் சொன்னார். பிறகு அவர் கண்டுபிடித்த வழிதான் சங்கத்தை அழியாப் புகழுக்கு உயர்த்தியது. மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது வண்டிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சந்தையில் மாடு வாங்குகிறவன் முதலில் வாயைத்தான் திறப்பான். மாடு பொய் சொல்லாது. ஆகவே வண்டிக்காரனின் மூப்பு, அவன் மாட்டின் பல்லைக் கொண்டு கணிக்கப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒவ்வொருவரும் தன் மாடுதான் கிழடு என்று நினைத்துக்கொண்டிருந்ததால் எதிர்க்க ஆள் இல்லை.

பல் பரிசோதனைக் கமிட்டி ஒன்று அமைந்தது. அதன் தலைவர் சிதம்பரநாதன். அவர் மாட்டின் அருகே போகாமல், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "திற" என்பார். மாட்டுக்காரன் திறப்பான். காரியதரிசி எட்டி நின்று பார்த்து, "தேய்ந்திருக்கிறது" என்பார். தேய்ந்த பல்லுக்கு மேல் ஆடுகிற பல், ஆடுகிற பல்லுக்கு மேல் விழுந்த பல். இளமையான, நன்றாக இழுக்கிற மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையின் வாலுக்குப் போனார்கள். லூக்காஸின் மயிலை முதலிடம் பெற்றது. வண்டிக்காரர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆசையும் வந்தது.

"முதல் பாரம் நமக்காம்" என்று வீட்டில் போய்ச் சொன்னான்.

"காத்திருக்கிற காசு?" என்றாள் அகஸ்டினா.

"முதல்ல நிக்கிறவன் எதுக்குக் காத்திருக்கணும்? வந்ததும் ஏத்திக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம்ல?"

"மயிலைய அவுத்து விடணும்னு சொன்னீங்களே?"

மயிலையை அவிழ்த்தால் மூப்பும் அதோடு அவிழ்ந்துபோகும். வயசான மாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று சங்கம் கேட்கப்போனவன், வயசானதாலேயே அதற்கு ஓய்வு கொடுக்க முடியாத நிலைக்கு வந்திருந்தான்.

அந்த முதலிடமும் வார முடிவு வரைக்கும்தான். நிஸாம் என்கிற இறைச்சிக் கடைக்காரர் கொஸ்லந்தைப் பக்கத்தில் வாங்கி ஓட்டிவந்த கிழட்டுச் செவலை ஒன்று, வாயில் ஒரு பல்லும் இல்லாமல், கடைவீதியில் நடந்துபோனது. தலைவர் கடையிலிருந்து எழுந்து வந்தார். அவர் நாற்காலியை விட்டு ஓடி வந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. கறிக்குப் போகவேண்டிய செவலை, அன்று சாயங்காலம் மாலை போட்டுக்கொண்டு தலைவரின் கொட்டிலில் நின்றது. ஒரு நாளும் வண்டியோட்டாத சிதம்பரநாதன், பதுளையிலேயே மூத்த வண்டிக்காரர் ஆனார். நன்றியுரையில், "இந்தக் கௌரவம் எனக்கு எதிர்பாராமல் வந்தது" என்றார்.

பிறகு கிழ மாட்டுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. மொனராகலை வரைக்கும் ஆள் போய், சாகக் கிடந்த மாடுகளைத் தூக்கி நிறுத்தி ஓட்டிவந்தார்கள். அப்படியும் மயிலையைவிட அதிகப் பல் விழுந்தது ஒன்றும் அகப்படாததால் அது இரண்டாம் இடத்திலேயே நின்றது. இனிமேல் பதுளையில் கறி விற்க முடியாது என்று நிஸாம் சங்கத்துக்கு முறையிட்டார். மூத்தோரை மதிக்காதவர் என்று அவரைக் கண்டித்து ஒரு தீர்மானம் போனது. பல் விழுந்த மாடு வைக்கோல் தின்னாது, புண்ணாக்குக் கஞ்சிதான் குடிக்கும். தலைவர் கடையில் புண்ணாக்கு விலை ஏறியது. பொதுநலத்தில் ஈடுபடுகிறவர்களுக்கு இப்படிச் சிறு சிறு ஆறுதல்கள் இல்லாவிட்டால் யார்தான் ஈடுபடுவார்கள்?

மூப்புள்ள மாடு பயணத்தில் கூடவே போகவேண்டும் என்று அடுத்த விதி வந்தது. இல்லாவிட்டால் வீட்டில் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு யாரும் மூப்புக் கொண்டாடலாம் அல்லவா? ஆனால் மொனராகலையில் தூக்கி நிறுத்திய மாடுகள் ஹாலிஎல ஏற்றத்தில் நடக்குமா? வண்டிக்காரர்கள் அவற்றைப் பலகை வைத்து வண்டியில் ஏற்றினார்கள். கிழ மாடு மேலே நின்றுகொண்டு ஊர் பார்க்க, இளம் மாடுகள் கீழே இழுத்தன. தேயிலைப் பெட்டி வைக்க இடமில்லை. இதைக் காரியதரிசியிடம் சொன்னபோது அவர் கலங்கவில்லை. "பாரம் மூப்புக்குரியது. மூப்பு வண்டியில் இருக்கிறது. ஆகவே கோட்பாட்டின்படி பாரமும் வண்டியில் இருக்கிறது" என்றார். லூக்காஸ் மட்டும் மயிலையை ஏற்றவில்லை. அது நடந்தது. இருமிக்கொண்டே நடந்தது.

முன்னால் நிற்கிற மாட்டின் உடம்பைப் பற்றிப் பின்னால் நிற்கிறவர்களுக்கு வந்த அக்கறையையும் சொல்ல வேண்டும். மூன்றாவதாக இருந்தவர் ஜுனைதீன். அவர் தினமும் காலையில் வேலியோரம் வந்துவிடுவார்.

"மயிலைக்கு எப்பிடி இருக்கு, லூக்காஸு?"

"இருக்குங்க."

"இருமுதே."

"ஆமாங்க."

"ராத்திரி கூடவா?"

கூடுதலா என்று கேட்டதில் இருந்தது வருத்தம்தான் என்று அவர் சத்தியமே செய்வார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கு முன்னால் நின்றவை இரண்டு கிழ மாடுகள், அவருக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய குடும்பம்.

மார்கழி மாதம் வந்தது. வாக்கெடுப்புக்கு முன் ஒரு முறை துரையின் முன்னிலையில் ஒத்திகை நடக்கவேண்டும் என்றார் தலைவர். விதி எளிது. வண்டிகள் மூப்பு வரிசையில் ஸ்டோர் வாசலை நோக்கி வரவேண்டும். ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. முந்துகிறவனுக்கும் வரிசையை விட்டு விலகுகிறவனுக்கும் சங்கத்தில் இடமில்லை, அந்த வருஷம் பாரமும் இல்லை. முதல் மாடு படுத்துக்கொண்டால் அதை எழுப்பும் கடமை இரண்டாம் இடத்துக்காரனுக்கு மட்டுமே உண்டு. மற்ற யாரும் மூத்த மாட்டைத் தொடக் கூடாது.

காலையிலிருந்து மழை. ஸ்டோர் மதிலுக்கும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாதையின் முகப்பில் செவலை மாலையோடு படுத்துக்கொண்டது. லூக்காஸ் போய் அதன் கழுத்தைத் தேய்த்து, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டான். மற்ற நாட்களில் அவன் தேய்த்தால் எழுந்துவிடும். அன்று கண்ணைத் திறந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டது. இவ்வளவு பேரில் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த மாடு ஒன்றுதான்.

மயிலை நடுங்கத் தொடங்கியது. லூக்காஸ் தன் கம்பளியைக் கழற்றி அதன் மேல் போர்த்தினான். பிறகு குடைபிடித்து நின்ற காரியதரிசியிடம் ஓடினான்.

"ஐயா, மயிலைய அவுத்துக்கிட்டுப் போயி அந்தத் தாவாரத்துல கட்டிக்கிறேங்க. தாங்காதுங்க அது."

"அவிழ்த்தால் வண்டி வரிசையில் இல்லை என்று ஆகும்."

"ஆகட்டுங்க. கடைசி எடத்துக்கே போயிர்றேன்."

"கடைசி இடம் வேறொருவருக்கு உரியது. உமக்கு அது வேண்டுமானால் மனு கொடுக்க வேண்டும். அதுவுமல்லாமல் நீர் விலகினால் பின்னால் இருப்பவர் ஒரு அடி முன்னே வருவார். அவர் உம்மை முந்தினவர் ஆவார். ஜுனைதீனுக்குத் தண்டனை வாங்கித்தர உமக்கு மனசு வருமா?"

லூக்காஸ் திரும்பிப் பார்த்தான். ஜுனைதீன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துப் பாரம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. லூக்காஸ் மயிலையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மழையிலேயே நின்றான். அந்த இரண்டு பேரையும் அங்கே நிறுத்தி வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

துரை விறாந்தையில் தேநீர் குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். மெத்த சந்தோஷம். அவர் சொன்னதை ஸ்டோர் கிளார்க்கர் தமிழில் சொன்னார்:

"காசு குடுக்காமலே இவ்வளவு ஒழுங்கா நிக்கிறவங்களுக்குக் காத்திருப்புக் கூலி எதுக்குன்னு துரை கேக்குறாரு."

தலைவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

சாயங்காலம் ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை, ஆகவே ஒரு வண்டியும் முந்தவில்லை. மயிலை வீடுவரை நடந்து வந்து கொட்டிலில் படுத்தது. விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. அகஸ்டினா அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லூக்காஸ் ஈரக் கம்பளியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தலைவரின் கடைக்குப் பின்னால் இருந்த புண்ணாக்குக் கிடங்கில் வாக்கெடுப்புக் கூட்டம். அந்தக் கிடங்குக்கு ஒரே வாசல். மூத்த மாடு முன்னிலை வகிக்கவேண்டும் என்பதால் செவலையை வாசலுக்கு வெளியே கட்டியிருந்தார்கள். முதலில் அனுதாபத் தீர்மானம் வந்தது.

"நம் சங்கத்தின் இரண்டாம் மூத்த அங்கத்தினர் மயிலை அவர்கள்" என்று தலைவர் தழுதழுத்தார், "ஒழுங்கைக் காப்பதற்காகவே உயிரைக் கொடுத்தார். மழை வந்தது, அவர் நகரவில்லை. காய்ச்சல் வந்தது, அவர் நகரவில்லை. இப்படிப்பட்ட அங்கத்தினர்கள் கிடைத்தால் ஒரு தலைவருக்கு வேறு என்ன வேண்டும்?"

எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஜுனைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இரண்டாம் இடமும் வந்துகொண்டிருந்தது.

பிறகு வாக்கு. மூப்பு உரிமையை ஏற்று, காத்திருப்புக் கூலியைக் கைவிட்டு, உடன்படிக்கை செய்யச் சம்மதமா? மூப்பு வரிசைப்படி சொல்லவேண்டும். தலைவர் செவலையின் சார்பில் சம்மதம் சொன்னார். அடுத்து லூக்காஸ் எழுந்தான்.

"எனக்குச் சம்மதம் இல்லீங்க. நம்ம கேட்டது கூலி. மாடு பசியில நிக்கக் கூடாதுன்னுதான் கேட்டோம். இப்ப மாடு செத்தே போச்சு. நான் அவுத்துக்கிறேன்னு சொன்னேன். நீங்க விட்டீங்களா?"

காரியதரிசி காகிதத்தைப் புரட்டினார்.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம். முதலாவது, இந்தச் சங்கத்தில் அங்கத்துவம் மாட்டின் பல்லைக் கொண்டு தரப்பட்டது. அங்கத்தினர் காலமாகிவிட்டார். நீர் அவருடைய துணைவர், அவ்வளவே. இரண்டாவது, மயிலை அவர்கள் ஒத்திகையின்போது பலமுறை தலையாட்டியதை நானும் தலைவரும் பார்த்தோம். ஆகவே அவருடைய சம்மதம் முன்கூட்டியே பதிவாகிவிட்டது."

"அது குளுருல நடுங்குச்சுங்க."

"அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்."

ஏகமனதாக நிறைவேறியது என்று தலைவர் அறிவித்தார். ஜுனைதீன் இரண்டாம் இடத்துக்கு உயர்வது அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும், அதுவரை அந்த இடம் துக்கம் காரணமாகக் காலியாக இருக்கும் என்றும் சொன்னார். துணைவராகிய லூக்காஸ் இனிமேல் அங்கத்தினர் அல்ல, சங்க விதிகள் எதுவும் அவனைக் கட்டுப்படுத்தா என்று காரியதரிசி குறித்துக்கொண்டார். துரை கடைவீதி முனையில் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறார், வரிசையாகப் புறப்படுங்கள் என்று உத்தரவு பிறந்தது.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. செவலை, கயிறு விட்ட மட்டும் உள்ளே தலையை நீட்டி, வாசற்படியின் குறுக்கே படுத்திருந்தது. புண்ணாக்கு வாசனை அதற்குப் பிடித்திருக்க வேண்டும்.

தலைவர் நின்றார். தலைவருக்குப் பின்னால் ஜுனைதீன் நின்றார். அவருக்குப் பின்னால் சங்கமே நின்றது. மூத்த மாட்டை முந்தக் கூடாது. எழுப்பும் கடமை இரண்டாம் இடத்துக்காரனுக்கு மட்டுமே உண்டு. இரண்டாம் இடம் காலி. தலைவர் மாட்டைப் பார்த்து, "எழுந்திரு" என்றார். செவலை அசை போட்டது. பல் இல்லாமலும் அசை போட முடியும் என்பது அன்று தெரிந்தது.

"நான் வேணா எழுப்பட்டுமா?" என்றார் ஜுனைதீன்.

"அடுத்த கூட்டம் வரை உமக்கு அதிகாரமில்லை" என்றார் காரியதரிசி. அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

லூக்காஸ் மூலையில் கிடந்த தன் கம்பளியை எடுத்தான். வரிசையின் பக்கமாக நடந்து வந்தான். யாரும் தடுக்கவில்லை. தடுக்க விதி இல்லை. வாசலில் குனிந்து செவலையின் கழுத்தை ஒரு தரம் தேய்த்தான். அது காதை ஆட்டி, எழுந்திருக்கலாமா என்று யோசித்தது. அவன் கையை எடுத்துக்கொண்டு அதைத் தாண்டி வெளியே போனான்.

"லூக்காஸ்!" என்று தலைவர் கூப்பிட்டார். மேடைக் குரல் இல்லை, கடைக் குரல். "அட, இந்தாப்பா! போறதுதான் போற, இத ஒரு தட்டுத் தட்டி எழுப்பி விட்டுட்டுப் போயேன். துரை காத்துக்கிட்டு இருக்காரு."

லூக்காஸ் தெருவில் நின்று திரும்பினான். இருட்டுக் கிடங்கின் வாசலுக்குள் அத்தனை கௌரவஸ்தர்களும் தலைக்குமேல் தலையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காத்திருக்கட்டுங்க முதலாளி" என்றான். "அதுக்குத்தான் கூலி கிடையாதே."

கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, சுட்டியனுக்குப் புல் அறுக்கப் போனான்.